கண்ணாடி ஜன்னலில் தெரிந்த பேக்ஹேண்ட்: கோச்சிங் உரையாடலில் உடலுக்கு உள்ள இடம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு நிறுவனத்தில் மேலாளர் ஒருவருக்கு இன்று கோச்சிங் நடக்கிறதென்றால், இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு மணி நேரம் இடைவிடாத பேச்சு என்பதே பெரும்பாலும் அதன் தோற்றம். இலக்கு என்ன, தடை என்ன, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேள்விகள் வருகின்றன. பதில்கள் குறிப்பேட்டில் ஏறுகின்றன. அந்த ஒரு மணி நேரமும் அவருடைய தோள் காதுவரை தூக்கியபடி இருந்ததையோ, ஒரு குறிப்பிட்ட பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் மூச்சு நின்று பிறகு வந்ததையோ இருவருமே எடுத்துப் பேசுவதில்லை. இந்த உரையாடல் முறையின் முக்கியமான வேர்களுள் ஒன்று டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால், இது வருந்தத்தக்க இழப்பு. மட்டையைப் பிடித்திருந்த ஒரு கையும், அந்தக் கை செய்வதை அறியாதிருந்த அதன் சொந்தக்காரரும்தான் அதற்கு முதல் பாடமாக இருந்தார்கள்.

அந்தப் பழைய நிகழ்வையும் அதையொட்டிய வேறு மூன்றையும் எடுத்துக்கொண்டு, உடல் கோச்சிங் உரையாடலில் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். உடலிலிருந்து தகவலை எடுக்க வேண்டியவர் கோச் அல்ல, அந்த உடலுக்கு உரியவர். அவருடைய கவனம் அங்கே போவதற்கு வழி செய்வதோடு கோச்சின் வேலை முடிகிறது. இதைத் தாண்டிப் போகும் இரண்டு பழக்கங்கள், அதாவது எதிரில் இருப்பவரின் உடலைப் பார்த்துப் பொருள் சொல்வதும், இப்படி நில், இப்படி உட்கார் என்று உடலைத் திருத்துவதும், இந்த முறையின் அடிப்படைக்கே எதிரானவை.

திமோதி கால்வே ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் தலைவராக இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டென்னிஸ் கற்பித்தபோது, தான் சொல்லிக்கொடுக்கும் அறிவுரைகள் ஆட்டக்காரரின் ஆட்டத்தைக் கெடுக்கின்றன என்பதையும், வாயை மூடிக்கொண்டிருந்த நேரங்களில் பிழைகள் தாமாகவே சரியாகின்றன என்பதையும் அவர் கவனிக்கத் தொடங்கினார். அந்த அனுபவங்களை 1974-ல் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ என்ற நூலாக எழுதினார். அதில் ஜாக் என்று அவர் குறிப்பிடும் தொழிலதிபர் ஒருவரின் கதை வருகிறது.

ஜாக்கின் பேக்ஹேண்ட், அதாவது புறங்கை பந்தை நோக்கியிருக்க அடிக்கும் அடி, நிலையில்லாதது. அது தன் வாழ்க்கையின் பெரிய பிரச்சினைகளுள் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு அவர் மனம் நொந்திருந்தார். குறைந்தது ஐந்து பயிற்சியாளர்களிடம் கற்றிருந்தார். மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது மிக உயரத்துக்குத் தூக்குகிறீர்கள் என்று எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்லியிருந்தார்கள். கால்வே அவரைச் சில முறை வெறுமனே வீசிக் காட்டச் சொன்னார். முன்னவர்கள் சொன்னது சரிதான். மட்டை மேலேறித்தான் போயிற்று. கால்வே அதைச் சொல்லவில்லை. கிளப் கட்டடத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. ஜாக்கை அதன் முன் நிறுத்தி, அதில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டே வீசச் சொன்னார். வீசிய ஜாக் திகைத்துப் போனார். “அட, உண்மையாகவே மட்டையை ரொம்ப உயரத்துக்குத் தூக்குகிறேனே! தோளுக்கு மேலே போகிறதே!” என்ற பொருளில் அவர் சொன்ன சொற்களைக் கால்வே பதிவு செய்திருக்கிறார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை, வியப்புதான் இருந்தது. பிறகு பந்துகளைப் போட்டபோது மட்டை தாழ்வாகவே போயிற்று. பந்து மட்டையின் நடுவில் பட்டு நேராகச் சென்றது.

இருபது மணி நேரப் பாடங்களில் கற்காததைப் பத்து நிமிடத்தில் கற்றுவிட்டேன் என்று ஜாக் நன்றி சொன்னார். நான் எதைக் கற்றுக்கொடுத்தேன் என்று கால்வே கேட்டார். ஜாக் சுமார் அரை நிமிடம் யோசித்தும், நீங்கள் எதையும் சொன்னதாகவே எனக்கு நினைவில்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

கால்வேயை வியக்க வைத்தது ஜாக்கின் முன்னேற்றத்தைவிட அவருடைய வியப்புதான். இந்த நிகழ்வின் பயன் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மட்டை உயரே போகிறது என்ற செய்தி ஜாக்குக்குப் புதிதல்ல; யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் செய்தி, ஐந்து பேர் தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரு கருத்தாக மட்டுமே அவரிடம் இருந்தது. தன் கை இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்ற அறிவு அவரிடம் இல்லை. குறையைக் கேட்டு அறிந்தவர் அதை எதிர்த்துப் போராடுகிறார், இறுகுகிறார், அடுத்த பந்து வருவதற்குள் தன்னைத் திட்டிக்கொள்கிறார். கையின் இருப்பை நேராக அறிந்தவருக்கு அந்தப் போராட்டம் தேவைப்படுவதில்லை; கை தானே இறங்குகிறது.

ஐந்து பயிற்சியாளர்களும் தவறாக எதையும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சரியான கருத்தைச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகங்களில் ஆண்டுதோறும் எழுதப்படும் மதிப்பீட்டுக் குறிப்புகளை நினைத்துப் பாருங்கள். “கூட்டங்களில் மற்றவர்களைப் பேசவிடுவதில்லை” என்ற ஒரே வாக்கியம் மூன்று மேலதிகாரிகளின் கையெழுத்தில் ஒருவருடைய கோப்பில் இருக்கும். அவரும் அதை மறுக்கமாட்டார். அடுத்த கூட்டத்தில் மீண்டும் குறுக்கே பேசுவார். அவருக்கு வேண்டியது நான்காவது கையெழுத்து அல்ல. மற்றவர் பேசும்போது தன் உடல் நாற்காலியின் விளிம்புக்கு வருவதையும், மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருப்பதையும், வாய் திறந்துவிடுவதையும் ஒரு முறையாவது தானே காண்பதுதான்.

கால்வேயின் முறை பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிய வந்தது 1970-களின் நடுவில், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஹாரி ரீசனர் நடத்திய செய்தி நிகழ்ச்சியில். உடற்பயிற்சிக்கே பழக்கமில்லாத நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவருக்கு அரை மணி நேரத்துக்குள் டென்னிஸ் ஆடக் கற்றுக்கொடுப்பதைப் படம்பிடித்தார்கள். அந்தப் படச்சுருளைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது கால்வேயின் பேச்சு. மட்டையை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்ற பாடமே வருவதில்லை. பந்து தரையில் படும்போது ஒரு சொல்லும், மட்டையில் படும்போது இன்னொரு சொல்லும் உரக்கச் சொல்லச் சொல்கிறார். முதலில் கால்வே அடிப்பதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்மணி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சற்று நேரம் கழித்து அதே சொற்களைச் சொல்லிக்கொண்டே, தோன்றினால் அடித்துப் பார்க்கலாம் என்கிறார். சர்வீஸ் போடுவதற்கும் அசைவின் தாளத்தைத்தான் கொடுக்கிறார். ‘என்னால் முடியுமா’ என்று கேட்டுக்கொண்டிருந்த மனத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. உடல் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஜான் விட்மோர் இதைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றவர். 1965-ல் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வென்ற பந்தய ஓட்டுநர் அவர். வளைவில் வண்டியின் போக்கை இடுப்பால் உணரத் தெரிந்தவருக்கு கால்வேயின் கருத்து உடனே பிடிபட்டதில் வியப்பில்லை. அவர் தம் நூலில் சொல்லும் நிகழ்வு ஒன்று, உடலைக் கோச் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நடத்திய டென்னிஸ் வகுப்புகளுக்கு ஒருமுறை எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் சேர்ந்துவிட்டார்கள், பயிற்சியாளர்கள் போதவில்லை. கால்வேயின் முறையில் பழகிய பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் இருவரை அழைத்து, டென்னிஸ் பயிற்சியாளரின் உடையை அணிவித்து, கையில் ஒரு மட்டையையும் கொடுத்தார்கள். எந்த நிலையிலும் அந்த மட்டையால் ஆடிக் காட்டக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அவர்கள் நடத்திய வகுப்புகளுக்கும் டென்னிஸ் தெரிந்தவர்கள் நடத்தியவற்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சில வேளைகளில் இவர்களுடையவை மேலாகவே இருந்தன.

விட்மோர் தரும் விளக்கம் இது: டென்னிஸ் தெரிந்தவர்கள் மாணவரைப் பார்க்கும்போது நுட்பப் பிழையைப் பார்த்தார்கள், பிடி தவறு, கால் தவறு என்று. பனிச்சறுக்குக்காரர்களுக்கு அந்தப் பிழைகளை அடையாளம் காணவே தெரியாது. ஆகவே இந்த மனிதர் தம் உடலை எவ்வளவு இலகுவாகப் பயன்படுத்துகிறார் என்பதை மட்டுமே அவர்களால் பார்க்க முடிந்தது. எங்கே இறுக்கம், எங்கே தயக்கம், எங்கே அசைவு பாதியில் நிற்கிறது என்று பார்த்து, அதையே கேள்வியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தன்னம்பிக்கைக் குறைவும் உடலுணர்வுக் குறைவும்தான் பல நுட்பப் பிழைகளுக்கு வேர் என்பதால், வேரைத் தொட்டவர்களுக்குக் கிளை தானாக நிமிர்ந்தது.

துறை அறிவே கோச்சுக்குத் தேவையில்லை என்று இதிலிருந்து பொது விதி வகுப்பவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். அந்தப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர். மனித உடல் பயத்தில் எப்படி மாறுகிறது என்பதைச் சரிவுகளில் நின்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள். டென்னிஸ் தெரியாது என்பதைவிட, உடல் தெரியும் என்பதே அவர்களுடைய தகுதி. நிதித் துறையிலிருந்தோ மென்பொருள் துறையிலிருந்தோ வந்து கோச் ஆகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்களுடைய பயிற்சி வகுப்புகளும் அதற்குப் போதிய நேரம் ஒதுக்குவதில்லை.

விட்மோரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களில் இந்த முறையை நிறுவனங்களுக்குள் கொண்டுபோனபோது, இலக்கு, நடப்பு நிலை, வழிகள், உறுதி என்ற நான்கு படிகளைக் கொண்ட, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் பெயர் பெற்ற ‘குரோ’ (GROW) சட்டகம் உருவாகிப் பரவியது. சட்டகம் எளிது, அதனால்தான் பரவியது. ஆனால் பரவிய இடங்களில் நடப்பு நிலை என்ற இரண்டாம் படி வற்றிப் போனது. மைதானத்தில் நடப்பு நிலை என்றால், பந்து வலைக்கு எவ்வளவு மேலே வந்தது, எந்தப் பக்கமாகச் சுழன்றது என்று இந்த நொடியில் கண்டு சொல்ல வேண்டிய ஒன்று. “பந்தைப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்று பொய்யாகவாவது சொல்லிவிடலாம், எப்படிச் சுழன்றது என்று கேட்டால் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பது விட்மோர் வலியுறுத்திய வேறுபாடு. அலுவலக அறையில் அதே படி, போன மாதம் நடந்ததைப் பற்றிய விவரிப்பாகச் சுருங்கிவிட்டது. விவரிப்பு நினைவிலிருந்து வருவது. அதில் நியாயப்படுத்தல் கலந்தே வரும்.

உடலை விட்டுவிடாமல் அலுவலக வேலைக்குள் கொண்டுபோன ஒரு நிகழ்வு கால்வேயிடமே இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் தொலைபேசி இயக்குநர்கள் (ஆபரேட்டர்கள்) அழைப்பவர்களிடம் இன்னும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. கால்வே மரியாதையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. அழைப்பவரின் குரலைக் கூர்ந்து கேட்டு, அதில் எரிச்சல் எவ்வளவு, கனிவு எவ்வளவு, பதற்றம் எவ்வளவு என்று எண்ணால் மதிப்பிடச் சொன்னார். தங்கள் குரலை எந்த அளவில் மாற்றினால் அங்கே என்ன மாறுகிறது என்றும் கவனிக்கச் சொன்னார். இயக்குநர்களின் சலிப்பும் அழுத்தமும் குறைந்தன, மரியாதை கூடியது என்கிறார் அவர். தொண்டையும் மூச்சும் சேர்ந்து உண்டாக்குவதுதான் குரல். அதைக் கேட்பது உடலைக் கேட்பதுதான்.

இனி அறைக்கு வருவோம். பொதுவாக நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். உற்பத்திப் பிரிவின் துணை மேலாளர் ஒருவர். தலைமை அலுவலகம் கேட்கும் எந்தத் தேதிக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு தன் குழுவை இரவெல்லாம் உட்கார வைக்கிறார். ‘முடியாது’ என்று சொல்லக் கற்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு. வழக்கமான உரையாடல் என்றால், ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்கப்படும். அவர் நிறுவனத்தின் பண்பாடு, மேலதிகாரியின் சுபாவம், தன் வளர்ப்பு என்று மூன்று நல்ல காரணங்களைச் சொல்வார். பணிவாக மறுப்பதற்கான வாக்கியங்களை இருவரும் சேர்ந்து எழுதுவார்கள். கூட்டத்தில் அந்த வாக்கியம் வாயில் வராது. மாற்றாக இப்படிப் போகலாம்:

“அந்த மீட்டிங்ல தேதி கேட்டாங்களே சார், அந்த நிமிஷத்தை இப்போ நினைச்சுப் பாருங்க. உடம்புல எங்கயாவது ஏதாவது தெரியுதா?”

“தெரியல... தொண்டைல ஏதோ அடைக்கிற மாதிரி.”

“பத்துக்கு எவ்வளவு அடைப்பு?”

“ஏழு இருக்கும்.”

“சரி. அதைக் குறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். சரின்னு சொல்றீங்களே, அது அந்த ஏழுக்கு முன்னாடி வருதா, பின்னாடி வருதா?”

“பின்னாடிதான். சரின்னு சொன்ன உடனே அது போயிடுது.”

கடைசிப் பதிலில் இருப்பது முன்பு அவரிடம் இல்லாத தகவல். தான் சரி என்று சொல்வது தலைமை அலுவலகத்தைத் திருப்திப்படுத்த மட்டுமல்ல, தொண்டை அடைப்பிலிருந்து தப்பவும்தான் என்று அவர் கண்டுகொள்கிறார். கோச் எதையும் விளக்கவில்லை. அடைப்பு பயத்தின் அடையாளம் என்றோ, சிறுவயதில் அப்பாவிடம் பேச முடியாததன் எச்சம் என்றோ சொல்லவில்லை. எண் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது: அளந்து சொல்பவர் அந்த நேரத்தில் தன்னைக் குறை சொல்லிக்கொள்வதில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் எடுத்துச் செல்வது மனப்பாடம் செய்த வாக்கியம் அல்ல. ஏழு வரும்போது அது ஏழு என்று கவனித்து, பதில் சொல்வதற்கு முன் ஒரு முழு மூச்சு அளவுக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை.

உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்ற பதிலும் அடிக்கடி வரும். அதுவும் பதில்தான், வற்புறுத்தக்கூடாது. நாற்காலி முதுகில் படுகிறதா, கால் தரையில் இருக்கிறதா என்ற எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம். அல்லது அன்றைக்கு அதை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாம்.

முதல் தவறான பழக்கம், உடலைப் படித்துப் பொருள் சொல்வது. பேச்சில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்ற கணக்கைப் பயிற்சி வகுப்புகளில் கேட்காதவர் குறைவு. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனும் அவருடைய கூட்டாளிகளும் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து எடுத்து ஒட்டியது அது. தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் சொல்லவைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை மற்றவர் எப்படி ஊகிக்கிறார் என்று பார்த்த ஆய்வுகள் அவை. உணர்வையும் விருப்பையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்குப் பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

அதைவிடக் கவலைக்குரியது, இறக்குமதியான அடையாள அட்டவணைகள். கையைக் கட்டிக்கொண்டால் மனத்தை மூடிக்கொண்டார், கண்ணைப் பார்க்காவிட்டால் மறைக்கிறார் என்று அவற்றில் எழுதியிருக்கும். நம் ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்தே கைகட்டி நிற்பது மரியாதை என்று பழக்கப்பட்டவர்கள் இன்றும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். மூத்தவர் முன் பார்வையைத் தாழ்த்துவதும் அப்படியே. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ முதல் தலைமுறையாகப் பெருநிறுவனத்துக்குள் வந்த ஓர் இளைஞரைப் பார்த்து, நீங்கள் தற்காப்பாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு கோச் சொன்னால், அவர் காட்டிய மரியாதையைக் குற்றமாக்கிவிட்டார் என்றுதான் பொருள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு 2019-ல் திருத்தி வெளியிட்ட திறன் வரையறையில், கோச்சிங் பெறுபவரின் உணர்வுகளையும் சொல்லில் வராத குறிப்புகளையும் கவனிக்க வேண்டும், அங்கீகரிக்க வேண்டும், அவரோடு சேர்ந்து ஆராய வேண்டும் என்று இருக்கிறது. பொருள் சொல்லும்படி அது கோச்சைக் கேட்கவில்லை. “இதைச் சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டீர்கள்” என்று கண்டதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அது என்ன என்பதை அவரே சொல்வார். ஏசி குளிர்கிறது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது பழக்கம், உடலைத் திருத்துவது. 2010-ல் டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 42 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். விரிந்து பரந்த தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஆதிக்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கூடும், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறையும், துணிவும் பிறக்கும் என்றது அது. 2012-ல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் கடி ஆற்றிய உரையால் இது உலகெங்கும் பரவியது; நேர்காணலுக்கு முன் கழிவறைக்குள் இடுப்பில் கைவைத்து நிற்கச் சொல்லும் கோச்சுகள் பெருகினார்கள். 2015-ல் ஈவா ரேன்ஹில் குழுவினர் 200 பேரைக் கொண்டு மீண்டும் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றமும் துணிவு மாற்றமும் தென்படவில்லை. தன்னை வலிமையானவராக உணர்வதாகச் சொல்வதில் மட்டும் ஒரு வேறுபாடு இருந்தது. 2016-ல் கார்னி, இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை எனப் பகிரங்கமாக எழுதினார். அந்த நேர்மை போற்றத்தக்கது. எஞ்சிய உணர்வு வேறுபாடு உண்மையானதே என்று கடி அதன் பிறகும் வாதிட்டார். அதை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஆனால் ஹார்மோன் கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும், தோரணையை வெளியிலிருந்து சொல்லிக்கொடுப்பது ஜாக்கின் ஐந்து பயிற்சியாளர்கள் செய்த வேலைதான். நெஞ்சை நிமிர்த்து என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவருக்கு, தன் நெஞ்சு ஏன் ஒடுங்கியது என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

கால்வேயின் நிகழ்வுகளுக்கு எதிராக வைக்கக்கூடிய கனமான கேள்வி ஒன்று அசைவு அறிவியலிலிருந்து வருகிறது. கேப்ரியேல் வுல்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் கருவி ஒன்றில் சிலரை நிறுத்தினார்கள். ஒரு சாராரைத் தங்கள் பாதங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களின் மீது செல்லும் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும், அசைவைச் செய்யும்போது கவனம் உடலுறுப்பின் மீது இருப்பதைவிட அசைவின் விளைவின் மீது இருப்பதே நல்லது என்ற பக்கம்தான் சாய்கின்றன. அப்படியானால் உடலைக் கவனி என்று சொல்வது ஆட்டத்தைக் கெடுக்காதா?

கெடுக்கும், தவறான நேரத்தில் சொன்னால் நிச்சயமாகக் கெடுக்கும். தொலைக்காட்சியில் தோன்றிய பெண்மணியை அவருடைய மணிக்கட்டைக் கவனிக்கச் சொல்லவில்லை, பந்தைத்தான் கவனிக்கச் சொன்னார்கள். ஜாக் தன் கையைப் பார்த்தது கண்ணாடி ஜன்னலின் முன் நின்றபோது. அப்போது அவரை நோக்கிப் பந்து எதுவும் வரவில்லை. கால்வேயின் நிகழ்வுகளைக் கூர்ந்து படித்தால், கண்டறியும் நேரமும் ஆடும் நேரமும் அவற்றில் வேறுவேறாக இருப்பது தெரியும். கோச்சிங் உரையாடல் கண்டறியும் நேரம். துணை மேலாளர் தன் தொண்டையை அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கவனிக்கலாம். உண்மையான கூட்டத்தில் முழு நேரமும் தொண்டையையே கவனித்துக்கொண்டிருந்தால் எதிரில் பேசுபவர் சொல்வது காதில் விழாது. பதில் சொல்லும் முன் ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டு, கவனத்தை எதிரில் இருப்பவரின் முகத்துக்கும் சொல்லுக்கும் கொண்டுபோய்விட வேண்டும். அறைக்குள் செய்யும் உடற்கவனத்தையே மேடைக்கும் எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பும் கோச்சுகள், பேச எழுந்த மனிதரைத் தன் நெஞ்சுத் துடிப்பை எண்ண வைத்துவிடுகிறார்கள்.

இந்த நிகழ்வுகளின் சான்று வலிமையையும் மிகைப்படுத்தக்கூடாது. ஜாக்கின் கதையைச் சொல்பவர் கால்வேயே. அடுத்த ஆண்டு அந்த பேக்ஹேண்ட் எப்படி இருந்தது என்று அதில் இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரு செயல்விளக்கம். சோதனைச் சாலை அல்ல. பனிச்சறுக்குப் பயிற்சியாளர்களின் வகுப்பையும் யாரும் அளவுகோல் வைத்து அளக்கவில்லை. இவை ஒரு முறை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகின்றன. எத்தனை பேருக்கு வேலை செய்யும் என்று காட்டுவதில்லை. என்றாலும் எனக்கு இவற்றின் மீது உள்ள நம்பிக்கை, மூன்றிலும் ஒரே நிலை திரும்பத் திரும்ப வருவதிலிருந்து பிறக்கிறது. தீர்ப்புக் கலவாமல் கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தவுடன், சொல்லிக் கொடுத்து வராதது வந்துவிடுகிறது.

எல்லைகளைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். உடலைப் பற்றிக் கேட்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். அது ஒரு முறை கேட்டு முடிந்துவிடுவதல்ல. தொடுதல் கோச்சிங்கில் தேவையே இல்லை என்பது என் நிலைப்பாடு. நம் அலுவலகச் சூழலில், குறிப்பாக ஆணும் பெண்ணும் உரையாடும் அறையில், விதிவிலக்கே வேண்டாம். உடலைக் கவனிக்கச் சொன்னவுடன் ஒருவருக்கு மூச்சு வாங்கினாலோ, பழைய கொடுமை ஒன்று கண்முன் வந்ததுபோல் உறைந்துவிட்டாலோ, கேள்வியை அந்த இடத்திலேயே நிறுத்தி, கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி, உரிய மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தச் சிகிச்சை கோச்சின் தொழில் அல்ல. நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி என்று ஒருவர் சொன்னால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்.

கோச்சின் சொந்த உடலும் அறையில்தான் இருக்கிறது. எதிரில் இருப்பவர் தயங்கும்போது கோச்சின் வயிறு இறுகுகிறது. அந்த இறுக்கத்தைத் தீர்க்கவே பல நேரங்களில் அடுத்த கேள்வி பிறக்கிறது. அவசரமாகக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒலிப்பதிவில் திரும்பக் கேட்டுப் பார்த்தால், எதிராளியின் மௌனம் இரண்டு மூச்சைத் தாண்டுவதற்குள் கோச் புகுந்திருப்பது தெரியும். எதிரில் இருப்பவரிடம் கேட்கும் அதே கேள்வியைக் கோச் தன்னிடமும் கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். ஆனால் தனக்குத் தோன்றுவது அவருடைய உணர்வின் எதிரொலி என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அது காலையில் சாப்பிடாததாகவும் இருக்கலாம்.

காணொளியில் நடக்கும் உரையாடல்களில் கழுத்துக்கு மேலேதான் தெரிகிறது என்பதால் உடலைப் பற்றிப் பேச முடியாது என்ற கருத்து இருக்கிறது. தொலைபேசி இயக்குநர்களுக்கு முகம்கூடத் தெரியவில்லை. குரலை மட்டும் வைத்து அவர்கள் அந்தப் பயிற்சியைச் செய்தார்கள். கோச் பார்ப்பதைவிட எதிரில் இருப்பவர் தன்னைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் திரை ஒரு தடையே அல்ல. கோச்சால் பார்க்க முடியாததால், எதிரில் இருப்பவரே கவனித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் கூடுகிறது. ஆகவே நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசச் சொல்லலாம், கேமராவை அணைத்துவிட்டு நடந்துகொண்டே பேசச் சொல்லலாம், திரையில் தெரியும் தன் முகத்தை மறைத்துவிடச் சொல்லலாம். கடைசியாகச் சொன்னதை நான் எப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறிய கட்டத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டே பேசுபவர், தான் எப்படித் தோன்றுகிறோம் என்பதிலேயே இருக்கிறார். தொண்டையில் இருப்பது ஏழா நான்கா என்று அவரால் சொல்ல முடிவதில்லை.